வெள்ளைத் தாவணியின் முந்தி

2023 ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். ஒரு நாள் சாயங்காலம் என்னோடு பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழி போன் செய்தாள். அவள் மகள் ப்ளஸ் டூவில் நல்ல மார்க். நர்சிங் படிக்க மங்களூரில் இடம் கிடைக்கும்போல இருக்கிறது, சொந்தக்காரர் ஒருத்தர் விசாரித்துச் சொல்லியிருக்கிறார். விஷயம் அதுவல்ல.

"ஏட்டி, ஒன்ட்ட ஒரு வெவரம் கேக்கணும். நீதான் பேப்பர் படிக்கிறவ. அங்க போனா பிள்ளய தலையில கெடக்க துணிய எடுக்கச் சொல்லுவாகளா?"

என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. சீருடை பற்றிய கர்நாடக அரசின் ஆணை பள்ளிகளையும் ப்ளஸ் டூவுக்குச் சமமான பியூசி கல்லூரிகளையும் பற்றியது, நர்சிங் கல்லூரி அதில் வராது என்று சொல்லலாம். ஆனால் அந்த ஆணைக்குப் பிறகு பட்டப்படிப்புக் கல்லூரிகளிலும் தகராறு நடந்தது எனக்குத் தெரியும். "விசாரிச்சிச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல முடியாததையெல்லாம் இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

கடம்பூர் என்றால் ரயிலில் போகிறவர்களுக்குப் போளி. வண்டி நிற்கிற இரண்டு நிமிடத்தில் ஜன்னல் வழியாகக் கை நீட்டி வாங்குகிற சூடான போளி. எனக்குக் கடம்பூர் என்றால் அப்பாவின் தையல்கடை. ஒரு மெஷின், ஒரு பெஞ்சு, துணி வெட்டுகிற பலகை, அவ்வளவுதான் கடை. எந்த மாதம் என்பதை நான் காலண்டரில் பார்த்ததைவிட அந்தப் பலகையில் கிடக்கும் துணியின் நிறத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஜூன் மாதம் பூராவும் பள்ளிச் சீருடை. கார்த்திகை பிறப்பதற்கு முன்னால் மாலை போடுகிறவர்களுக்குக் கருப்புச் சட்டை. மார்கழியில் மேல்மருவத்தூர் போகிற அக்காமாருக்குச் சிவப்பு ஜாக்கெட். கிறிஸ்துமஸ் நெருங்கினால் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்களின் வெள்ளை. நோன்பு நடுவில் வந்துவிட்டால் பர்தா தைக்கக் கருப்புத் துணி. கன்னியாஸ்திரி ஒருவர் தன் தலைத்துணிக்கு ஓரம் அடிக்க வருவார். எல்லாமே அதே மெஷினில், அதே ஊசியில் ஓடியவைதான். ஓரம் சுருங்காமல் விழுந்திருக்கிறதா என்பதுதான் அப்பாவின் கவலையாக இருந்தது.

எங்கள் காலத்துச் சீருடை பச்சைப் பாவாடை, வெள்ளைத் தாவணி. என் தோழி ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. அவள் அத்தா பருத்திக் கமிஷன் கடையில் எடை போட்டார். வகுப்பில் அவளும் எங்களைப் போலத்தான் தாவணியைச் சொருகியிருப்பாள். மணி அடித்து வாசலைத் தாண்டும்போது அந்தத் தாவணியின் முந்தியை எடுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொள்வாள். ஆண்டவனை நினைக்கிற நேரம் வந்தால் வகுப்பிலேயே போட்டுக்கொள்வாள். தனித் துணி கிடையாது. சீருடையே முக்காடாகவும் ஆகும். டீச்சர்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கரிசல் வெயிலில் நாங்களும் அதே மாதிரி தலையில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறோம். தூரத்திலிருந்து பார்த்தால் எது மார்க்கம், எது வெயில் என்று தெரியாது.

அவள் பாட்டிக்கு வெள்ளைத் துப்பட்டி. சேலைக்கு மேலே உடம்பைச் சுற்றித் தலையையும் மூடுகிற வெள்ளைத் துணி. தென்மாவட்டத்து முஸ்லிம் வீடுகளில் அதுதான் வழக்கமாக இருந்தது. எண்பதுகளுக்குப் பிறகு, வளைகுடாவுக்குப் போனவர்கள் பெட்டியில் கொண்டுவந்த கருப்பு மெல்ல மெல்ல அந்த வெள்ளையின் இடத்துக்கு வந்தது. என் தோழி கல்யாணத்துக்குப் பிறகு கருப்புக்கு மாறினாள். ஒரே வீட்டில் மூன்று விதமான தலைத்துணி. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தலைத்துணியை எதிர்க்கிறவர்களும் வற்புறுத்துகிறவர்களும் அது என்றைக்கும் ஒரே மாதிரி இருந்ததைப் போலவே பேசுகிறார்கள். தைத்துக் கொடுத்த வீட்டுக்காரி நான், அது மாறிக்கொண்டே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கரிசல்காட்டில் தலைத்துணிக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் பர்தாவைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. தலித் ஆண்கள் தலைப்பாகையோ தோளில் துண்டோ போட்டபடி சில தெருக்களைத் தாண்ட முடியாது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போகவேண்டும். நடுப்பகல் வெயிலானாலும் அப்படித்தான். அப்பாவின் சின்ன வயதில் அது அன்றாடக் காட்சி. அப்படி இறக்க வைத்த தெருக்களில் எங்கள் தெருவும் ஒன்று. அப்பா இதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். ஒரு மனிதரின் தலையிலிருந்து துணியை இறக்கச் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இறக்கியவர்களுக்கும் தெரியும், இறக்க வைத்தவர்களுக்கும் தெரியும்.

இங்கிருந்து எட்டயபுரம் ரொம்ப தூரமில்லை. அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் 1898இல் காசிக்குப் போய், அங்கே குடுமியை எடுத்தார், மீசை வைத்தார், தலைப்பாகை கட்டினார். சாதி ஆசாரப்படி மூன்றும் தப்பு. வீட்டுப் பெரியவர்களுக்கே அது பிடிக்கவில்லை. பாரதியைப் படமாக நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அந்த முண்டாசுதான். தன் தலையில் என்ன இருக்கவேண்டும் என்பதைத் தானே முடிவு செய்த ஓர் இளைஞனின் படத்தைத்தான் பள்ளிக்கூடச் சுவர்களில் எல்லாம் மாட்டி வைத்திருக்கிறோம்.

தெற்கே நாஞ்சில் நாட்டுக்குப் போனால் தோள்சீலைப் போராட்டம். திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் பெண்கள் மார்பை மூடி மேல்சீலை போடக்கூடாது என்று இருந்த வழக்கத்தை எதிர்த்து 1820களில் தொடங்கி 1859 வரை விட்டு விட்டு நடந்த போராட்டம். சந்தையிலும் தெருவிலும் பெண்களின் மேல்சீலையைப் பிடித்துக் கிழித்தார்கள். சென்னை மாகாண கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் கொடுத்த நெருக்கடியில் 1859 ஜூலையில் மகாராஜா ஆணை போட்டார்: மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது. அந்த 'ஆனால்' என்கிற வார்த்தையிடம்தான் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். இரக்கப்பட்டு அனுமதி கொடுக்கும்போதும் துணியின் மடிப்பைக்கூட அரசாங்கம் தன் கையில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. சுதந்திரம் என்றால் துணியைக் குறைப்பது என்று நினைக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். நம் தெற்குச் சீமையில் பெண்கள் அடிபட்டுப் போராடியது மூடிக்கொள்ளும் உரிமைக்காக.

இனி கர்நாடகத்தின் உடுப்பிக்கு வருகிறேன். 2021 கடைசியில் அங்கே அரசு மகளிர் பியூசி கல்லூரியில் தலைத்துணியோடு வந்த மாணவிகளை வகுப்புக்குள் விடவில்லை. 2022 பிப்ரவரி 5ஆம் தேதி சீருடை பற்றிய அரசாணை வந்தது. மார்ச் 15ஆம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத வழக்கம் அல்ல என்று சொல்லி ஆணையை உறுதி செய்தார்கள். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், 2004இல், பிரான்ஸ் தன் அரசுப் பள்ளிகளில் மத அடையாளத் துணிகளைத் தடை செய்த சட்டத்தின் தேதியும் மார்ச் 15தான்.

ஆனால் பிரான்சின் மதச்சார்பின்மையும் நம்முடையதும் ஒன்றல்ல. அங்கே அரசாங்கக் கட்டடத்துக்குள் மதம் கண்ணில் படக்கூடாது. இங்கே போலீஸ் ஸ்டேஷனிலேயே ஆயுத பூஜை நடக்கும். கார்த்திகை மாதம் மாலை போட்ட பையன் செருப்பில்லாமல் வகுப்புக்கு வருவான். வாத்தியார்கள் அவனை 'சாமி' என்று கூப்பிடுவார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை; அது அழகான வழக்கம். தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு ஹெல்மெட் வேண்டாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவே சொல்கிறது. எல்லாருக்கும் கொஞ்சம் இடம் விட்டுத் தைத்த சட்டை நம்முடையது. ஒரே ஒருத்தியிடம் மட்டும் வந்து பிரெஞ்சு அளவில் பிடித்துத் தைப்பேன் என்றால் அதற்குப் பெயர் மதச்சார்பின்மை இல்லை.

அந்த மாணவிகள் கேட்டது எவ்வளவு சின்ன விஷயம் என்பது ஒரு தையல்காரர் மகளுக்கு உறைக்கும். சீருடையின் நிறத்திலேயே துணி, அதைத் தலையில் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். கேந்திரிய வித்யாலயாக்களில் அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதையும் வழக்கறிஞர்கள் எடுத்துக் காட்டினார்கள். எங்கள் வெள்ளைத் தாவணியின் முந்தியைத்தான் அவர்கள் கேட்டார்கள். ஒரு மீட்டர் துணிகூட ஆகாது.

உச்ச நீதிமன்றத்தில் 2022 அக்டோபர் 13ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் இரண்டு தீர்ப்பு எழுதினார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா, எல்லாருக்கும் ஒரே சீருடை என்ற இடத்தில் ஒரு மதத்தின் அடையாளத்தை அனுமதிப்பது மதச்சார்பின்மைக்கு ஒவ்வாது என்று தடையை ஏற்றார். இந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. வகுப்பறையில் பிள்ளைகள் ஒன்றாகத் தெரியவேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான். நீதிபதி சுதான்ஷு தூலியா வேறு வழியாகப் போனார். இது மதத்துக்கு இன்றியமையாததா இல்லையா என்று ஆராய்வதே தேவையில்லை, இது அந்தப் பெண்ணின் விருப்பம் என்றார். தேசிய கீதம் பாடாமல், ஆனால் மரியாதையோடு எழுந்து நின்ற கேரளத்துக் குழந்தைகளைப் பள்ளியில் திரும்பச் சேர்க்கச் சொன்ன 1986ஆம் வருடத்து பிஜோ இம்மானுவேல் தீர்ப்பை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டார். காலையில் அம்மாவுக்கு வீட்டு வேலையில் ஒத்தாசை செய்துவிட்டுப் பள்ளிக்கூடப் பையை எடுக்கிற கிராமத்துப் பெண்பிள்ளையைப் பற்றி அந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறார். அவளுடைய வாழ்க்கையை இந்தத் தடை எந்த விதத்தில் மேலாக்குகிறது என்று கேட்டிருக்கிறார்.

அந்த இடத்தைப் படித்தபோது எனக்குத் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் விடியும் முன்னால் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன பஸ்கள். என் வகுப்பில் ஐந்தாவதோடு நின்ற பெண்கள் எத்தனையோ பேர். தீக்குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் விரல் தேய்ந்தவர்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் சட்டத்தின் பிடி இறுகியது. அதற்கெல்லாம் முன்னால், 1956இல், காமராசர் மதிய உணவுத் திட்டத்தை ஆரம்பித்ததும் இதே எட்டயபுரத்தில். நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறைக்குத் தலைவராக இருந்து சாப்பாட்டையும் சீருடையையும் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த காலம் அது. கிழிந்த சட்டைக்காரப் பிள்ளை கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றுவிடக்கூடாது என்பதற்காக வந்தது சீருடை. அப்பா ஜூன் மாதம் முழுவதும் ராத்திரி பன்னிரண்டு மணிவரை மெஷின் மிதித்தது அதற்காகத்தான். ஒரு பிள்ளையை உள்ளே கொண்டுவரத் தைத்த துணியைக் காட்டி இன்னொரு பிள்ளையை வெளியே நிறுத்துவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2023 ஏப்ரலில் கர்நாடக பியூசி தேர்வில் கலைப்பிரிவில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தது பெங்களூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மாணவி. தடை வந்தபோது தலைத்துணியைக் கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்குப் போனவர். "பார்த்தீர்களா, கழற்றினால் என்ன குறைந்துபோனது?" என்று எனக்குத் தெரிந்தவர்களே கேட்டார்கள். அந்தப் பெண்ணின் உறுதியை நான் வணங்குகிறேன். பரீட்சையா துணியா என்று அந்த வயதில் யாரையும் தேர்ந்தெடுக்க வைத்திருக்கக்கூடாது என்றும் சொல்கிறேன். அவரைப் போல முடிவெடுக்க முடியாமல் வீட்டோடு நின்றவர்களின் மார்க்கைப் பேப்பரில் போடமாட்டார்கள்.

தமிழ்நாட்டில் இதெல்லாம் இல்லை என்று நாம் பெருமைப்படுகிறோம். கொஞ்சம் நியாயமும் உண்டு. 2022 பிப்ரவரி 19ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தலில் மதுரை மேலூரில் ஒரு வாக்குச்சாவடியில் ஹிஜாபோடு வந்த பெண்ணை பா.ஜ.க. முகவர் ஆட்சேபித்தபோது, தி.மு.க., அ.தி.மு.க. முகவர்கள் சேர்ந்தே எதிர்த்தார்கள். பா.ஜ.க. முகவரை வெளியே அனுப்பிவிட்டு வாக்குப்பதிவு தொடர்ந்தது. ஆனால் என் தோழி போன் செய்வதற்குச் சில நாள் முன்னால்தான், 2023 மே 24ஆம் தேதி ராத்திரி, நாகை மாவட்டம் திருப்பூண்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் இருந்த டாக்டரம்மாவிடம், "ஏன் ஹிஜாப் போட்டிருக்கிறீர்கள்?" என்று ஒருவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே தகராறு செய்தார். நெஞ்சுவலி என்று ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்த இடத்தில். வழக்குப் பதிவானது. என் தோழி அந்த வீடியோவைப் பார்த்திருந்தாள். "நம்ம சீமையிலயே, அதுவும் ஒரு டாக்டர" என்றாள். மங்களூர் பயத்துக்குப் பாதிக் காரணம் நாகைதான்.

அதே வருடம் மார்ச்சில் வேலூர்க் கோட்டையில் நடந்தது இன்னொன்று. நண்பர்களோடு வந்த பெண்களை வழிமறித்து ஹிஜாபைக் கழற்றச் சொல்லி, அதைப் படம் பிடித்துப் பரப்பிய பதினேழு வயதுப் பையன் உட்பட ஏழு பேரை போலீஸ் கைது செய்தது. இலங்கையிலும் பாருங்கள்: 2018இல் திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா என்கிற நீள அங்கி போட்டு வரக்கூடாது, சேலைதான் கட்டவேண்டும் என்று பள்ளி வாசலில் ஆர்ப்பாட்டம் நடத்தியவர்கள் தமிழர்கள். சிறுபான்மையாக இருந்து இவ்வளவு பட்ட சமூகம். மனித உரிமை ஆணைக்குழு ஆசிரியைகள் பக்கம் சொல்லியும், 2022 பிப்ரவரியில் திரும்பி வந்த ஆசிரியைக்கு மறுபடியும் அதே தகராறு. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது கஷ்டமான பக்கத்துக்கு வருகிறேன். விருப்பம் விருப்பம் என்கிறேனே, வீட்டுக்குள் அந்த விருப்பம் எவ்வளவு சுதந்திரமானது? துவரங்குறிச்சியில் சிறுமியாகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைக்கப்பட்ட சல்மா எழுதியவற்றைப் படித்த யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. உச்ச நீதிமன்றத்தில் உடுப்பி வழக்கின் விசாரணை நடந்துகொண்டிருந்த 2022 செப்டம்பரில், 16ஆம் தேதி, ஈரானில் மஹ்சா அமினி என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் ஹிஜாபைச் சரியாகப் போடவில்லை என்று பிடிக்கப்பட்டு, காவலில் இருந்தபோது நினைவிழந்து இறந்தார். அங்கே பெண்கள் தெருவில் நின்று தலைத்துணியைக் கொளுத்தினார்கள். உடுப்பியில் போடவிடு என்றும், தெஹ்ரானில் எடுக்கவிடு என்றும் கேட்டார்கள். ஒன்றை ஆதரித்தால் மற்றதை எதிர்க்கவேண்டும் என்று வாதாடியவர்களுக்கு நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்: இரண்டு இடத்திலும் அந்தப் பெண்ணின் தலையில் வேறு யாரோ கை வைக்கிறார்கள்.

என் தோழியிடம் இதை நேராகவே கேட்டேன். அவளைப் பத்தாவதோடு நிறுத்தினார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் பர்தாவை எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "போடச் சொன்னப்பயும் யாரும் எங்கிட்ட கேக்கல. இப்ப எடுக்கச் சொல்லுதவுகளும் எங்கிட்ட கேக்கல. இது எனக்குப் பழகிருச்சு, இது இல்லாம வெளிய வந்தா ஒடம்பு கூசுது. ஆனா எம்மகள நான் வற்புறுத்தல ஏட்டி. அவளா பதிமூணு வயசுல எடுத்துப் போட்டா. நாளைக்கு அவளா எடுத்தாலும் நான் கேக்கமாட்டேன். அவ படிக்கணும், அவ்வளவுதான்."

வீட்டு வற்புறுத்தலிலிருந்து ஒரு பெண் வெளியே வரும் வழி பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போகிறது. சம்பளம், சொந்தப் பேர், நாலு மனிதர் பழக்கம் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. துணியைக் கழற்றினால்தான் கதவு திறக்கும் என்று சொல்கிறவர்கள் அவளை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். என் தோழிக்குப் பத்தாவதோடு மூடிய கதவு அவள் மகளுக்கும் மூடிவிடக்கூடாது என்பதுதான் என் பதைப்பு.

ஆஸ்பத்திரியில் தலைத்துணி சரிப்படுமா என்று சிலர் கேட்பார்கள். ஆபரேஷன் தியேட்டரில் எல்லார் தலையையும் மூடத்தான் சொல்கிறார்கள். சிங்கப்பூர் பல வருடம் யோசித்து, அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 2021 ஆகஸ்டில் அறிவித்து, நவம்பர் 1ஆம் தேதியிலிருந்து அரசு மருத்துவமனை நர்சுகள் சீருடையோடு துடோங் என்கிற தலைத்துணி அணியலாம் என்று ஆக்கியது. பள்ளிகளில் இன்னும் விடவில்லை. இதை என் தோழியின் மகளிடம் சொன்னபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை மறக்கமாட்டேன். "அப்ப சிங்கப்பூர் போலாமா அத்த?" என்றாள்.

மங்களூர் போகவில்லை. என்னால் உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை, அவள் அத்தாவும் தயங்கினார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்த்தார்கள். நல்ல கல்லூரிதான். ஆனால் மங்களூரில் கிடைக்க இருந்தது அதைவிடப் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த இடம். ஆறு மாதம் கழித்தும் அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று தோழி சொன்னாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. எந்த வாசலிலும் அவள் நிற்கவில்லை. எந்த வழக்கிலும் அவள் பேர் இல்லை. ஒரு பயம் மட்டும் இங்கே கடம்பூர்வரை வந்து அவள் பாதையைத் திருப்பிவிட்டுப் போனது.

முதல் வருடம் முடிந்து லீவுக்கு வந்தபோது வெள்ளைத் துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் கல்லூரியில் வெள்ளைத் தலைத்துணி போட விடுகிறார்கள். அப்பாவின் மெஷின் இப்போது என் வீட்டில் இருக்கிறது. டெரிகாட்டன் வழுக்கும், காட்டன் எடு என்று திருப்பி அனுப்பினேன், மாற்றி வாங்கி வந்தாள். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து இஞ்ச் டேப்பை அவள் முகத்தைச் சுற்றிப் பிடித்தேன். தோழி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தை இரட்டை மடிப்பாக மடித்து அடித்துக் கொடுத்ததும், அவளே வாங்கித் தலையில் போட்டு, பின் குத்தி, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். திருப்தியில்லை. கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"காதுகிட்ட ஒரு இஞ்ச் லூசா வைங்க அத்த. ஸ்டெதஸ்கோப் மாட்டணும்."

தையலைப் பிரித்து மறுபடி அடித்தேன்.